வெளிச்சம்தான் முதலாளி!

செல்போனைக் கவுத்து வைங்க. கையில வாட்ச் இருந்தா அதையும் திருப்பிக்கோங்க. இப்ப மணி என்ன? சொல்லுங்க பார்ப்போம்.

திணறுறீங்கல்ல? நானும் இப்படித்தான் ஒருநாள் திணறினேன். ஆமத்தூர் பஸ் ஸ்டாப். புரட்டாசி மாசம், தீபாவளி நெருங்குற நேரம். வானம் கரேல்னு கிடக்கு. விருதுநகர் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தப்ப பட்டாசு ஆபீஸ் வேன் ஒண்ணு வந்து நின்னுச்சு. (வெளியூர் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கம் ‘ஆபீஸ்’னா ஏ.சி., கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். அம்புட்டுத்தான்!) கையில தூக்குவாளியோட, விரல் நகத்துல அலுமினியப் பவுடர் மினுமினுக்க, அக்காமார் பத்துப் பேர் இறங்குனாங்க. அதுல ஒருத்தர் எங்க தெரு.

“என்னக்கா, இன்னிக்கு சீக்கிரமே விட்டுட்டாங்களா? மணி நாலுதான ஆகுது?”

“மணியப் பாத்தா எங்க வேலை நடக்குது? வெளிச்சத்தப் பாத்துல்ல தம்பி நடக்குது. இருட்டிக்கிட்டு வந்துச்சு, இடி வேற. எந்திரின்னுட்டாரு போர்மேன்.”

சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குத்தான் அந்த வார்த்தை உள்ளேயே நின்னுடுச்சு. ஏன்னா அதே வாரம்தான் ஐரோப்பியத் துறவிகள் எப்படி நேரம் பார்த்தாங்கன்னு ஒரு புத்தகத்துல படிச்சிருந்தேன். 1,500 வருஷத்துக்கு முந்தின ஆளுங்களும் எங்க தெரு அக்காவும் ஒரே விஷயத்தைச் சொல்றாங்களே!

சரி, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம், வர்றீங்களா?

76 நிமிஷத்துல ஒரு மணி நேரம்!

இத்தாலியில மான்டே கசினோன்னு ஒரு மலை. ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட் என்ற துறவி அங்கே ஒரு மடம் அமைச்சார். மடத்துல இருக்கிறவங்க எப்ப எழணும், எப்ப சாப்பிடணும், எப்ப வேலை செய்யணும், எப்ப படிக்கணும்னு ஒரு விதிநூலும் எழுதினார். நம்ம ஹாஸ்டல் வார்டன் எல்லாம் அவர்கிட்ட பிச்சை வாங்கணும். அவ்வளவு டைட்!

ஆனா அந்த டைம்டேபிள்ல ஒரு வேடிக்கை உண்டு. அதுல வர்ற ‘மணி’ நம்ம மணி இல்லை. சூரியன் உதிக்கிறதுல இருந்து மறையிற வரைக்கும் உள்ள பகலை 12 பங்கு போடுவாங்க. ஒரு பங்குதான் ஒரு மணி. ராத்திரிக்கும் அதே மாதிரி 12 பங்கு. கோடையில அந்த ஊர்ல பகல் 15 மணி நேரத்துக்கு மேல நீளும். குளிர்காலத்துல 9 மணி நேரத்துக்குச் சுருங்கிடும். அதாவது, ஜூன் மாசத்துப் பகல்ல அவங்களோட ஒரு மணி நேரம் நம்ம கணக்குல சுமார் 76 நிமிஷம். டிசம்பர்ல அதே ‘ஒரு மணி நேரம்’ வெறும் 46 நிமிஷம். ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும்!

நேரமே இழுபட்டா வாழ்க்கையும் இழுபடத்தானே செய்யும்? குளிர்காலத்துல ராத்திரி நீளம். அதனால ராத்திரியோட எட்டாவது மணிக்கு எழுந்தாப் போதும், தூக்கம் தெளிஞ்சு எழலாம்னார் பெனடிக்ட். விடியறதுக்கு முன்னாடி நடக்கிற வழிபாட்டுல நீளமா வாசிக்கவும் நேரம் இருந்துச்சு. கோடையில ராத்திரி குட்டி. எனவே வாசிப்பை வெட்டி, மனப்பாடமா ஒரு சின்னப் பகுதி சொன்னாப் போதும்னு விட்டுட்டார். கோடைப் பகல்ல நடுவுல சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். செப்டம்பர் நடுவுல தொடங்கிக் குளிர்காலம் முழுக்க ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் பகலோட ஒன்பதாவது மணிக்கு. அதாவது மதியம் ரெண்டரை, மூணு வாக்குல.

அந்த ஒன்பதாவது மணிக்கு லத்தீன்ல ‘நோனா’ன்னு பேர். அது கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகர்ந்து வந்து நடுப்பகல்ல உட்கார்ந்துக்கிச்சு. நாம சொல்ற ‘ஆஃப்டர்நூன்’ல இருக்கிற ‘நூன்’ அந்த நோனாதான். பசி தாங்காத துறவிகள் சாப்பாட்டு நேரத்தை முன்னாடி இழுத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. மெஸ் க்யூவுல நின்ன யாருக்கும் அதை நம்புறது கஷ்டமா இருக்காது!

ராத்திரியில எப்படி நேரம் தெரியும்? நட்சத்திரம்தான். எந்த மாசத்துல எந்த நட்சத்திரம் எங்க வந்தா எழுந்திருக்கணும்னு சொல்றதுக்காகவே டூர் நகரத்து கிரிகோரி என்ற ஆயர் அதே நூற்றாண்டுல ஒரு நூல் எழுதியிருக்கார். மேகம் மூடினா? காவலுக்கு இருக்கிற துறவியோட பாடு திண்டாட்டம்தான். எழுப்புறதுக்கு லேட் ஆனா வாசிப்பைச் சுருக்கிக்கலாம்னு விதியிலேயே வழி வச்சிருந்தார் பெனடிக்ட்.

இதெல்லாம் விட என்னைப் பிடிச்சு நிறுத்தின விதி இன்னொண்ணு. ராத்திரிச் சாப்பாடானாலும் சரி, நோன்புக் காலத்து ஒரே சாப்பாடானாலும் சரி, விளக்கு ஏத்த வேண்டிய தேவையே வராம, பகல் வெளிச்சத்துலேயே எல்லாம் முடிஞ்சிடற மாதிரி நேரத்தை வச்சுக்கணும்னு சொல்றார். எல்லாம் வெளிச்சத்திலேயே!

எங்க தெரு அக்கா சொன்னதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்?

மதுரைப் பக்கத்து மலைத் துறவிகள்

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை பாஸ்’னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி, வாங்க மதுரைக்கு. ஆமத்தூர்ல இருந்து விருதுநகர் போய் பஸ் மாறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். மதுரையைச் சுத்தி ஆனைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம்னு குன்றுகள். பாறையில வெட்டின கல் படுக்கைகள். மாங்குளத்துத் தமிழி எழுத்துகள் 2,000 வருஷத்துக்கு மேல பழசு. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்துல கணிநந்தன் என்ற துறவிக்குக் குடுத்த கொடையை அது சொல்லுது. சமணர் மலையில இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பங்கள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற துறவியோட பேர் அங்கே பொறிச்சிருக்கு. அதாவது ஐரோப்பாவுல மடங்கள் கொடி கட்டிப் பறந்த அதே காலத்துல, நம்ம ஊர் மலையிலயும் துறவிகள் இருந்தாங்க.

சமணத் துறவிக்கு அடிப்படை விதி ஒண்ணு உண்டு. பொழுது விழுந்துட்டா சாப்பாடு கிடையாது. இருட்டுல நடமாட்டமும் கூடாது. காரணம் என்ன தெரியுமா? இருட்டுல காலுக்கடியில என்ன இருக்குன்னு தெரியாது. சோத்துல என்ன விழுந்துச்சுன்னும் தெரியாது. ஒரு எறும்பு, ஒரு பூச்சி நம்மால சாகக் கூடாது. அவ்வளவுதான்!

வடக்கே சுவேதாம்பர சமணரோட உத்தராத்யயன சூத்திரம்னு ஒரு நூல் இருக்கு. துறவியோட நாளை அது பங்கு போடுது. பகலை நாலு பங்கு. முதல் பங்குல படிப்பு, ரெண்டாவதுல தியானம், மூணாவதுல பிச்சைக்குப் போறது, நாலாவதுல மறுபடி படிப்பு. ராத்திரியிலயும் நாலு பங்கு. அதுல மூணாவது பங்கு மட்டும்தான் தூக்கம். செமஸ்டருக்கு முந்தின நாள் நம்ம ஷெட்யூல் மாதிரியே இருக்குல்ல?

அந்தப் பங்குக்கு ‘பௌருஷி’ன்னு பேர். புருஷன், அதாவது மனுஷனோட நிழலை வச்சு அளந்ததால வந்த பேர். இங்கேதான் சூப்பர் விஷயம். நிழல் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காதே! அதனால அந்த நூலே ஒரு கணக்கு குடுக்குது. ஆஷாட மாசத்துல நிழல் 2 பாதம். பௌஷ மாசத்துல 4 பாதம். நடுவுல வர்ற சைத்திரத்துலயும் ஆசுவினத்துலயும் 3 பாதம். ஏழு நாளைக்கு ஒரு அங்குலம் கூட்டிக்கோ, இல்லேன்னா குறைச்சுக்கோ. வாட்ச் இல்லாத துறவி தன் நிழலையே வாட்ச்சா வச்சிருந்திருக்கார். பருவத்துக்கு ஏத்த மாதிரி அதுக்கு ‘சாவி’யும் குடுத்திருக்கார்!

உங்க வீட்டுச் சுவத்துல ஒரு சாட்சி

சரி, அந்த ரப்பர் பேண்ட் மணி செத்துப் போச்சா? இல்லவே இல்லை. உங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல தொங்குது. அதையும் அச்சடிச்சது பெரும்பாலும் எங்க சிவகாசியாத்தான் இருக்கும். தினசரி காலண்டர்!

ராகு காலம் பாருங்க. திங்கள்னா 7.30 - 9. எல்லாருக்கும் மனப்பாடம். நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிறது உங்க இஷ்டம். நான் கணக்கை மட்டும் சொல்றேன். ராகு காலம் என்பது பகல்ல எட்டுல ஒரு பங்கு. சூரியன் 6-க்கு உதிச்சு 6-க்கு மறைஞ்சா ஒரு பங்கு ஒண்ணரை மணி நேரம். சுலபமா இருக்கட்டும்னு வச்சுக்கிட்ட கணக்கு அது. ஆனா எங்க ஊர்ல ஜூன் மாசத்துல பகல் 12 மணி 40 நிமிஷம். டிசம்பர்ல 11 மணி 34 நிமிஷம். எட்டால வகுத்துப் பாருங்க. ஜூன்ல ராகு காலம் 95 நிமிஷம், டிசம்பர்ல 87 நிமிஷம். தை மாசம் நடுவுல சூரியன் உதிக்கவே 6.38 ஆயிடும். அப்போ திங்கள்கிழமை ராகு காலம் உண்மையில 8 மணிக்கு மேலதான் தொடங்கும்!

நமக்கு எட்டு நிமிஷ வித்தியாசம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால தப்பிச்சோம். லண்டன்ல இருக்கிற உங்க சித்தப்பாவைக் கேளுங்க. அங்கே ஜூன்ல ராகு காலம் ரெண்டு மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர்ல ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அதனாலதான் வெளிநாட்டுல இருக்கிற தமிழர்கள் அந்தந்த ஊருக்குக் கணிச்ச பஞ்சாங்கம் தேடுறாங்க. பெனடிக்ட் மடத்து மணியும் நம்ம ராகு காலமும் ஒரே தறியில நெய்த துணி.

நம்மாளுங்க கெட்டிக்காரங்க, சமமான கணக்கும் கூடவே வச்சிருந்தாங்க. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். கோடையானாலும் குளிரானாலும் மாறாது. தண்ணியில ஓட்டை வட்டிலை மிதக்க விட்டு, அது நிரம்பி மூழ்கினா ஒரு நாழிகை. தண்ணிக் கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்கு நேரம் சொன்னவங்களைப் பத்தி முல்லைப்பாட்டுலயே வருது.

மணி அடிச்சது யாருக்காக?

ஐரோப்பாவுல 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பல்சக்கரக் கடிகாரம் வந்துச்சு. அதுக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. எல்லா மணியும் ஒரே நீளம். 1335-ல் பிரான்ஸ்ல அமியான் நகரத்துக்கு அரசர் ஒரு அனுமதி குடுத்தார். தொழிலாளிங்க எப்ப வேலைக்கு வரணும், எப்ப சாப்பிடப் போகணும், எப்ப திரும்பணும்னு அறிவிக்க ஒரு மணி அடிச்சுக்கலாம்னு. அதுவரைக்கும் சாமி கும்பிட அடிச்ச மணி, கூலிக்காகவும் அடிக்க ஆரம்பிச்சது அந்தக் காலத்துலதான்.

ஆனா அதுக்கும் முன்னாடி பாரிஸ்ல இன்னொரு சங்கதி. 1268 வாக்குல அந்த ஊர்க் கைவினைஞர்களோட விதிகளைத் தொகுத்தப்போ, பல தொழில்களுக்கு ராத்திரி வேலை கூடாதுன்னு எழுதி வச்சாங்க. விளக்கு வெளிச்சத்துல வேலை சுத்தமா வராது. நெருப்புப் பயம் வேற.

நெருப்புப் பயம். இப்ப திரும்பி வாங்க ஆமத்தூருக்கு.

கடிகாரம் ஜெயிக்க முடியாத இடம்

சிவகாசி வட்டாரத்துல எத்தனையோ காலேஜ், எத்தனையோ பிரஸ். ராத்திரி ரெண்டு மணிக்கும் லைட் எரியும், மிஷின் ஓடும். ஆனா பட்டாசு ஆபீஸ்ல மருந்து வேலை நடக்கிற ரூமுக்குள்ள போய்ப் பாருங்க. பல்பு கிடையாது. ஃபேன் கிடையாது. ஸ்விட்ச்சே கிடையாது. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது. ஓடுறதுக்கு வாசல் உண்டு. செல்போன் கேட்டுலேயே நின்னுடும். உற்பத்தி பகல் வெளிச்சத்துல மட்டும்தான். மருந்து கலக்குறது, அடைக்கிறது எல்லாம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடியணும். அதுக்கப்புறம் திரி வைக்கிறது, பின்னுறது, காயப் போடுறது. இடி மின்னல்னா எந்திரிச்சு வெளியே வந்துடணும்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அந்தத் தொழில் இந்த மண்ணுல வேர் பிடிச்சதுக்கு ஒரு காரணம் எங்க ஊர் வறட்சியும் வெயிலும். மழை பெய்யாததுனால விவசாயம் போச்சு. அதே வெயில்தான் குச்சியையும் வெடியையும் காய வச்சு சோறு போட்டுச்சு. ஆக, இங்கே வெளிச்சம் வெறும் வெளிச்சம் இல்லை. வெளிச்சம்தான் முதலாளி!

ஒரு முரணையும் பாருங்க. பகல்ல மட்டுமே செய்யக்கூடிய பொருள், இருட்டுக்காகவே செய்யப்படுது. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல தீபாவளியன்னைக்கு காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்னு கடிகாரம் பார்த்துத்தான் வெடிக்கிறோம். அதைச் செய்யறவங்க மட்டும் வருஷம் பூரா சூரியனைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

பிரச்னை எப்ப வருது? கடிகாரமும் எண்ணிக்கையும் வெளிச்சத்தை ஜெயிக்கப் பார்க்கும்போது. கூலி பல இடத்துல பீஸ் ரேட். எத்தனை செஞ்சியோ அத்தனைக்குக் காசு. ஆர்டர் குவியும். பொழுது சாயும்போது ‘இந்த ஒரு தட்டை முடிச்சிடுவோம்’னு கை வேகம் எடுக்கும். மருந்துக்கு உராய்வு ஆகாது. வேகம்னாலே உராய்வுதானே? இன்னொரு ஆபத்து, சாயங்காலம் மிச்சமாகிப் போன கலந்த மருந்து. கெமிஸ்ட்ரி படிக்கிற நண்பர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டா உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பும். ராத்திரி முழுக்க அது சும்மா இருக்காது. அன்னைக்குக் கலந்ததை அன்னைக்கே முடிக்கணும், மிச்சம் வைக்கக் கூடாதுங்கிற விதிக்கு அதுதான் அர்த்தம்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே மதியத்துல போச்சு. அதுக்கப்புறமும் எத்தனையோ ஊர்ப் பேர்கள் பேப்பர்ல வந்திருக்கு. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேற வேற. ஆனா எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் ரெண்டு வார்த்தை வந்தே தீரும்: அவசரம், ஆர்டர்.

இப்ப அந்த மூணு விதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மான்டே கசினோ துறவி விளக்கைத் தவிர்த்தார். சமணத் துறவி இருட்டுல காலடி வைக்கலை, எறும்பு சாகக் கூடாதுன்னு. ஆமத்தூர் அக்கா இருட்டினதும் எந்திரிச்சாங்க, பக்கத்துல இருக்கிற மூணு பேர் சாகக் கூடாதுன்னு. ‘வெளிச்சம் போனா நிறுத்து’ங்கிறதைப் பழைய காலத்து இயலாமைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லைங்க. அது உயிர் மேல வச்ச அக்கறை.

உங்கள்ல சில பேர் செமஸ்டர் லீவுக்கு ஃபீஸ் கட்ட வெடி ஆபீஸ் போறவங்களா இருக்கலாம். நிறைய பேரோட அம்மா, அக்கா போறவங்களா இருக்கலாம். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’னு யாராவது சொன்னா, சொல்றது யாரா இருந்தாலும், வெளிச்சத்தைக் காட்டுங்க. வீட்டுக்கு வந்த அம்மாகிட்ட ‘இன்னைக்கு எவ்வளவு கூலி?’ன்னு கேக்குறதுக்கு முன்னாடி ‘மருந்து மிச்சம் வைக்கலையே?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. படிச்ச பிள்ளை கேட்டா அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். காலேஜ் கிரவுண்டுல ஒரு குச்சியை நட்டு வைங்க. எப்ப நிழல் ரொம்பக் குட்டியாகுதுன்னு பாருங்க. 12 மணிக்கு ஆகாது! 1906-ல் வந்த இந்திய நேரம் நமக்குக் கிழக்கே இருக்கிற ரேகைக்கு வச்ச கணக்கு. எங்க ஊருக்கு உச்சிப் பொழுது சராசரியா 12.18-க்குத்தான். சித்திரை பிறக்கிற சமயத்துல அந்த நிழல் குச்சிக்கடியிலேயே காணாமப் போகும். ஆகஸ்ட் கடைசியில இன்னொரு தடவை. பார்த்துட்டு எழுதுங்க.

அந்த அக்காவை மறுநாள் காலையில அதே பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். வானம் பளிச்னு இருந்துச்சு. வேன் இன்னும் வரலை.

“லேட்டாயிடுச்சாக்கா?”ன்னேன்.

கிழக்கே கையைக் காட்டுனாங்க. “இன்னும் நேரம் கிடக்கு தம்பி.”